விபூதி போட்டுத் துலக்கிய 1938 ரூபாய்: ஒரு தரச்சான்று நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருச்சியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டில் நடந்தது இது. 2023 தீபாவளிக்கு முந்தைய வாரம் தொடங்கி 2024 ஆகஸ்ட் வரை, பத்து மாதம் நீண்டது. நான் நாணய வியாபாரி இல்லை. பிரிட்டிஷ் இந்திய வெள்ளி நாணயங்களைப் பல வருடமாகச் சேர்த்து வருகிறவன். அந்தப் பழக்கத்தால்தான் என்னிடம் வந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். வீட்டில் பழைய வெள்ளி ரூபாய் வைத்திருக்கும் யாருக்கும் இது நாளைக்கே நேரலாம்.

ஆசிரியையின் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். சம்பளத்தில் அவ்வப்போது ஒன்றிரண்டு வெள்ளி ரூபாய்களை எடுத்து வைப்பது அவர் வழக்கம் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் காலத்துக்குப் பிறகு மிஞ்சியவை 23. அவற்றில் 9 பூஜை அறைக்குப் போய்விட்டன. வரலட்சுமி நோன்பன்று கலசத்துக்குள் அரிசியோடும் மஞ்சளோடும் போடுவது அந்த ஒன்பதைத்தான். மீதி 14 ஒரு காடாத் துணிச் சுருக்குப் பையில், இரும்புப் பெட்டியின் அடியில் கிடந்தன. அறுபது வருடமாவது அந்தப் பையை யாரும் பிரித்திருக்க மாட்டார்கள் என்று ஆசிரியை சொன்னார்.

ஒரே ஆள் சேர்த்த, ஒரே காலத்து நாணயங்கள். ஒன்பது வருடாவருடம் கைபட்டவை, பதினான்கு கைபடாதவை. இந்த மாதிரி ஒரு ஒப்பீடு சாதாரணமாக அமையாது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே முதல் காரணம்.

தரச்சான்று என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டின் பழைய செப்புச் சென்ட்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். 1 என்றால் இன்ன நாணயம் என்று அடையாளம் மட்டும் தெரியும்; 70 என்றால் குறையே இல்லை. பின்னாளில் எல்லா நாணயங்களுக்கும் அதுவே பொது அளவாகிவிட்டது. 1986-இல் பி.சி.ஜி.எஸ்., 1987-இல் என்.ஜி.சி. என்று அமெரிக்க நிறுவனங்கள் வந்தன. நாணயம் அசல்தானா என்று பார்த்து, எண் கொடுத்து, பிரித்தால் தெரியும்படி மூடிய பிளாஸ்டிக் கூட்டில் வைத்துத் தருவது அவற்றின் வேலை. அந்தக் கூட்டைச் சேகரிப்பாளர்கள் ஸ்லாப் என்கிறோம். 60-உம் அதற்கு மேலும் வந்தால் எம்.எஸ்., அதாவது புழக்கத்துக்குப் போய்த் தேயாத நாணயம். 50 முதல் 58 வரை ஏ.யு., மிக லேசான தேய்மானம். அதற்குக் கீழே 40, 45 எக்ஸ்.எஃப்.

முதல் அழைப்பும் அடுத்த மூன்று நாளும்

ஒரு வியாழன் இரவு ஆசிரியையின் தம்பி மகன் தொலைபேசியில் அழைத்தார். பெங்களூரில் வேலை, தீபாவளிக்காக ஊருக்கு வந்திருந்தார். பெட்டியை ஒழிக்கும்போது பை கிடைத்திருக்கிறது. பதினான்கையும் வரிசையாக வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

"சார், 1939 ரூபாய் லட்சக்கணக்கில் போகுமாமே? இதில் இருக்கா பாருங்க" என்றார்.

1939 இல்லை. அந்த ஆண்டின் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் உண்மையிலேயே அபூர்வம். அதனாலேயே சந்தையில் உலவும் 1939-களில் போலி ஏராளம். இந்தப் பையில் இருந்தவை ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் ஐந்து, 1938-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய்கள் ஆறு, 1940 முதல் 1942 வரையிலானவை மூன்று. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் ஒன்று 1911.

படத்திலேயே 1938-கள் என்னை நிமிர வைத்தன. ஆறும் கருத்திருந்தன. ஆனால் ஒன்றின் விளிம்பைச் சுற்றிப் பொன்னிறம், அதற்கு உள்ளே நீலம், நடுவில் சாம்பல் என்று வளையம் வளையமாக நிறம் ஏறியிருந்தது. துணியிலோ காகிதத்திலோ பல வருடம் அசையாமல் கிடந்த வெள்ளிக்கு இப்படி நிறம் ஏறுவதுண்டு. ஆறும் ஒரே நிலையில் இருந்ததைப் பார்த்தால், புதிதாக இருக்கும்போதே மொத்தமாக வாங்கி முடிந்து வைத்தது போலத் தோன்றியது.

"ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாங்க, உட்கார்ந்து பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

இந்த நிகழ்வு முழுவதிலும் பெரிய தவறு அந்த வாக்கியம்தான். அதைச் செய்தவன் நான். "அதுவரை எதையும் தொடாதீங்க, துடைக்காதீங்க" என்று இன்னும் ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

சனிக்கிழமை அவர் சமையலறையில் ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, வெந்நீர் ஊற்றி, ஆப்ப சோடாவும் உப்பும் போட்டு மூன்று நாணயங்களை அதில் இறக்கியிருக்கிறார். கருப்பு பெரும்பகுதி போய்விட்டது. எழுத்து இடுக்குகளில் மிஞ்சியதைப் பழைய டூத் பிரஷ்ஷில் பேஸ்ட் தொட்டுத் தேய்த்திருக்கிறார். பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போகிறோமே, அழுக்காகவா கொண்டு போவது என்ற நல்லெண்ணம் அது. அந்த மூன்றில் ஒன்று 1911. இன்னொன்று அந்த வளைய நிற 1938. மூன்றாவது வேறொரு 1938.

மேசை விளக்கின் கீழ் பார்த்தது

ஞாயிறு காலை அத்தையும் மருமகனுமாக வந்தார்கள். பூஜை அறை நாணயங்களையும் சேர்த்து 23-ஐயும் எடுத்து வந்திருந்தார்கள். மூன்று நாணயங்கள் மட்டும் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தன. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்போது எதுவும் சொல்லவில்லை. முதலில் எல்லாவற்றையும் பார்த்து முடிப்போம் என்று உட்கார்ந்தேன்.

எடை பார்த்தேன். இந்த ரூபாய் ஒரு தோலா, 11.66 கிராம். 1938 வரையிலானவற்றில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், எடை மாறவில்லை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் தேய்மானத்தால் கொஞ்சம் குறைந்திருந்தது. மற்றவை சரியாக இருந்தன. காந்தம் எதையும் இழுக்கவில்லை. வார்ப்படப் போலிகளில் தெரியும் குமிழ்க்குழிகள் எதிலும் இல்லை. 23-உம் அசல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அடுத்து மேற்பரப்பு. அறை விளக்கை அணைத்து, ஒற்றை மேசை விளக்கின் கீழ் நாணயத்தை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். அச்சு அடிக்கும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்வதால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கோடுகள் ஆரம் ஆரமாக விழுகின்றன. தேயாத நாணயத்தைச் சுழற்றினால் அந்தக் கோடுகளில் ஒளி பட்டு, சக்கரத்தின் ஆரங்கள் சுற்றுவது போல ஓடும். இதைத்தான் லஸ்டர் என்கிறோம். கருத்திருந்தாலும் லஸ்டர் உள்ளே உயிரோடு இருக்கலாம்.

பையில் இருந்து தொடாமல் வந்த ஒரு 1938-ஐ முதலில் காட்டினேன். மேலே பழுப்பும் நீலமும் படர்ந்திருந்தது. சாய்த்ததும் அந்த நிறத்துக்கு அடியிலிருந்து ஒளி எழுந்து மன்னர் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போனது. ஆசிரியை "அட" என்று நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

அப்புறம் சோடாவில் போட்ட 1938. நேராகப் பார்த்தால் வெள்ளை வெளேர். சாய்த்தால் ஒளி ஓடவில்லை. ஓரிடத்தில் தேங்கி நின்றது. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கன்னத்திலும் முகத்துக்கு முன்னாலிருக்கும் வெற்றிடத்திலும் முடியிழை போன்ற கோடுகள் அடர்த்தியாக, எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. பிரஷ் போன வழி அது. ஹேர்லைன் என்று சேகரிப்பாளர்கள் பயப்படுவது இதற்குத்தான். வியாழன் இரவு அவர் அனுப்பிய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மருமகன் நெடுநேரம் பேசவில்லை. "நான்தான் கெடுத்துட்டேனா சார்?" என்று கேட்டார். நான் முன்பே சொல்லாதது என் தப்பு என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் அவரை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளி கருப்பது அழுக்கு அல்ல. காற்றிலும் துணியிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம் அது. நாணயத்தின் மேல்தோலே அப்படி மாறியிருக்கிறது. நகைக்கடைகளில் பயன்படும் டிப் திரவம் அந்தப் படலத்தைக் கரைக்கும்போது அதோடு சேர்ந்த வெள்ளியும் போகிறது; ஒளியைச் சுழற்றும் நுண்கோடுகளும் கொஞ்சம் போகின்றன. அலுமினியமும் சோடாவும் வேறு வகை. படலத்தைத் திரும்ப வெள்ளியாக்கும். ஆனால் அந்த வெள்ளி பழையபடி அடுக்காகப் படியாது, மங்கலான ஒரு பூச்சாக நிற்கும். அதன் மேல் பிரஷ்ஷும் பட்டால் திரும்ப வழியே இல்லை.

பூஜை அறை ஒன்பதின் கதை வேறு. ஆசிரியையின் அம்மா ஒவ்வொரு நோன்புக்கும் முன்னால் வெள்ளிச் சாமான்களோடு நாணயங்களையும் விபூதி போட்டுத் துலக்கி வைப்பாராம். குத்துவிளக்குக்கும் குங்குமச்சிமிழுக்கும் விபூதியை விட நல்லது கிடையாது. நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். ஐம்பது அறுபது வருடம் அப்படித் துலக்கியதில் மன்னரின் புருவமும் காதுக்கு மேலுள்ள முடியும் வழுவழுப்பாகி, கிரீடத்தின் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஒன்றில் 'ஜார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'ஓ' எழுத்தின் வட்டத்துக்குள் மட்டும் குங்குமம் இறுகிச் சிவப்புப் புள்ளியாக நின்றது. மற்றபடி அந்த நாணயம் கூழாங்கல் மாதிரி மிருதுவாக இருந்தது. அதைக் கையில் வைத்திருந்தபோது, இதைக் குறை என்று எழுதத்தான் போகிறோம், ஆனாலும் இது கெட்டுப்போன நாணயம் இல்லையே என்று தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எதை அனுப்புவது

மருமகன் 23-ஐயும் தரச்சான்றுக்கு அனுப்ப விரும்பினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் தடை சட்டம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டப்படி நூறு வருடம் ஆன நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. நாங்கள் யோசித்திருந்தது வெளிநாட்டில் தரம் பார்க்கும் ஒரு நிறுவனம். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் பையில் ஐந்து, பூஜை அறையில் ஐந்து; பத்தும் 1920-க்குள் அடித்தவை. "சான்று வாங்கித் திரும்பி வரத்தானே போகுது சார்" என்றார் மருமகன். திரும்பி வரும் என்பது உண்மைதான், போவதே குற்றம். சேகரிப்பாளர்களிலேயே பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்களில் சிலர் கண்டுகொள்வதில்லை. பத்தையும் ஒதுக்கி வைத்தேன்.

அதில் 1911-ஐ ஒதுக்கும்போது அவருக்கு வருத்தம். பன்றி ரூபாய் என்று பெயர் பெற்ற நாணயம் அது. மன்னரின் அங்கியில் பொறித்த யானை, குட்டைத் தும்பிக்கையும் குட்டைக் காலுமாகப் பன்றி போலத் தெரிகிறது என்று முஸ்லிம்களிடையே கடும் எதிர்ப்பு எழ, வெளியீட்டை நிறுத்தி, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். சோடாவில் குளித்த பிறகும் அந்தக் குட்டை யானை தெளிவாகவே இருந்தது. கதைக்காகவே வைத்துக்கொள்ளலாம், சான்று வேண்டாம் என்றேன்.

இரண்டாவது தடை செலவு. கட்டணம், அனுப்பும் செலவு, காப்பீடு, திரும்பி வரும்போது சுங்கத்துக்கான வேலை எல்லாம் சேர்த்து, நாணயங்களை அந்த நிறுவனத்துக்கு அனுப்பித் தரும் முகவர் சொன்ன கணக்கில் ஒரு நாணயத்துக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் வந்தது. 1940-களின் ரூபாய்கள் பையில் மூன்று, பூஜை அறையில் மூன்று. தேய்ந்தவை, எளிதில் கிடைப்பவை. அந்த வகை நாணயம் அந்தச் செலவையே தராது.

மீதி 1938-கள். பையில் தொடாதவை நான்கு. அவற்றில் ஒன்றுக்கு விளிம்பில் நசுங்கல் இருந்ததால் விட்டுவிட்டு, மூன்றை எடுத்துக்கொண்டேன்.

அனுப்பியவை மூன்றல்ல, ஐந்து. சோடாவில் போட்ட வளைய நிற 1938-ஐயும் அனுப்பியே ஆக வேண்டும் என்றார் மருமகன். நான் சொல்வது ஒருவரின் கருத்து, வெளியாள் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும், பணம் நான் தருகிறேன் என்றார். நியாயமான பேச்சு. ஆசிரியை பூஜை அறையில் இருந்த ஒரே 1938-ஐக் காட்டி, "இதுதான் அம்மா கையில அதிகம் இருந்தது, இதுவும் போகட்டும்" என்றார். எண் வராது, பணம் வீண் என்று இரண்டு முறை சொன்னேன். அவர் கேட்கவில்லை. நாணயம் அவருடையது, அதற்கு மேல் நான் பேசவில்லை.

அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

இந்த முறை எந்த வேலையையும் நிதானமாகவே செய்தோம். ஐந்துக்கும் இரண்டு பக்கமும் விளிம்பும் படம் எடுத்தோம். எடையைக் குறித்துக்கொண்டோம். முகவர் கொடுத்த உறைகள் மெத்தென்ற பி.வி.சி. வகை. அந்தப் பிளாஸ்டிக் நாளாக ஆக ஒரு பச்சைப் பசையைக் கசிந்து நாணயத்தில் ஒட்டவிடும். அதுவே தனிக் குறையாகக் கணக்காகும். அவற்றை மறுத்து, மொடமொடப்பான மைலார் உறைகளில் போட்டேன். ஸ்டேப்ளர் பின் போட்ட அட்டைகளையும் தவிர்த்தேன். பின்னைப் பிடுங்கும்போது கீறல் விழுந்த நாணயங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அனுப்புவதற்கு முன்னால் எனக்குத் தோன்றிய தரத்தை ஒரு தாளில் எழுதி, மடித்து ஆசிரியையிடம் கொடுத்தேன். மூன்றில் நிறத்துக்கு அடியிலிருந்து ஒளி பளிச்சென்று எழுந்த ஒன்றுக்கு 64. மிகவும் கருத்த ஒன்றுக்கு 62. கிரீடத்தில் லேசாகத் தேய்ந்திருந்ததற்கு 58. மற்ற இரண்டுக்கும் எண் கிடைக்காது என்று எழுதினேன்.

உள்ளே நடப்பது இதுதான். பெட்டியைப் பிரித்ததும் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஓர் அடையாள எண் போடுகிறார்கள். தரம் பார்ப்பவருக்கு அந்த எண்ணும் நாணயமும் தெரியும். யாருடையது, எந்த ஊர் என்பது தெரியாது. ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் பார்த்துத் தரம் எழுதுகிறார்கள். முதல் கேள்வி, அசலா. இரண்டாவது, மேற்பரப்பில் மனிதக் கை விளையாடியிருக்கிறதா. இந்த இரண்டையும் தாண்டிய பிறகுதான் எண். இரண்டாவது கேள்வியில் தடுக்கி விழுந்தால் 'டீட்டெயில்ஸ்' என்ற சொல் வரும். வடிவம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை மட்டும் எழுதி, பக்கத்தில் குறையையும் எழுதிவிடுவார்கள். அசல் என்ற உறுதி அப்போதும் உண்டு, எண் கிடையாது.

ஜனவரி 2024-இல் அனுப்பினோம். மே மாதம் சான்று எண்கள் வந்தன. ஜூனில் ஸ்லாப்கள் கைக்கு வந்தன.

முடிவுகள்

ஆசிரியை மடித்த தாளைப் பிரித்தார். நான் 64 என்று எழுதிய பளிச்சென்ற நாணயத்துக்கு எம்.எஸ். 62. நான் 62 என்று எழுதிய கருத்த நாணயத்துக்கு எம்.எஸ். 64. தேய்ந்ததற்கு ஏ.யு. 58, எழுதியபடியே. சோடாவில் போட்டதற்கு 'யு.என்.சி. டீட்டெயில்ஸ், கிளீன்ட்', அதாவது துலக்கப்பட்டது. விபூதி நாணயத்துக்கு 'எக்ஸ்.எஃப். டீட்டெயில்ஸ், கிளீன்ட்'.

முதல் இரண்டும் இடம் மாறியது எனக்குப் பெரிய பாடம். பளிச்சென்ற நாணயத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மன்னரின் கன்னத்தில் மூன்று நான்கு சிறு குழிகள். அச்சடித்த நாணயங்களைப் பையில் கொட்டும்போது ஒன்றோடொன்று மோதி விழும் அடிகள் அவை. நவம்பரில் பார்க்கும்போதும் அவை அங்கேதான் இருந்தன. வெளிச்சம் கண்ணைப் பறித்ததில் குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன். கருத்ததில் அப்படி அடிகள் ஏறக்குறைய இல்லை. நிறத்தைப் பார்த்துத் தயங்கி எண்ணைக் குறைத்திருக்கிறேன். மருமகனை பிரஷ் எடுக்க வைத்ததும் என் கையை 64 எழுத வைத்ததும் ஒரே பளபளப்புதான். இத்தனை வருடம் பார்த்த கண்ணையும் அது ஏமாற்றியது.

சோடா நாணயத்தின் சீட்டைப் படித்தபோது மருமகனின் முகம் வாடியது. 'யு.என்.சி.' என்றால் தேய்மானமே இல்லை என்று பொருள். புழக்கத்துக்குப் போகாமல் எண்பது வருடத்துக்கு மேல் தப்பி வந்த நாணயம், ஒரு சனிக்கிழமை மதியத்தில் எண்ணை இழந்துவிட்டது. முன்னால் எடுத்த படத்தை வைத்து எண் சொல்வது சரியாகாது. ஆனால் மற்ற மூன்றைவிட அது கீழே இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு எடுத்த முடிவுகள்

எம்.எஸ். 62-ஐ ஸ்லாப்பிலிருந்து பிரித்துத் திரும்ப அனுப்பினால் 63 வருமா என்று மருமகன் கேட்டார். சிலர் செய்கிறார்கள், சில சமயம் வருகிறது. இந்த நாணயத்தில் ஒரு எண் கூடினாலும் கூடும் விலை மறுபடி ஆகும் செலவுக்கே சரியாகிவிடும். வேண்டாம் என்றேன்.

இன்னொன்றும் கேட்டார். வெளுத்த நாணயத்தை அவித்த முட்டையோடு டப்பாவில் மூடி வைத்தால் பழையபடி நிறம் ஏறும் என்று யாரோ சொன்னார்களாம். நிறம் ஏறும். முட்டையிலும் கந்தகம் இருக்கிறது. ஆனால் அது சில நாளில் ஏறிய நிறம். அடியிலிருக்கும் பிரஷ் கோடுகளையும் மறைக்காது. தரம் பார்ப்பவர்கள் அதைச் சந்தேக நிறம் என்று தனியாகக் குறிப்பார்கள். வாங்குபவரை ஏமாற்றும் வேலையும் கூட. அப்படியே விட்டுவிடச் சொன்னேன். விட்டுவிட்டார்.

62-ஐ விற்றார்கள். அதே வியாபாரி டீட்டெயில்ஸ் நாணயத்துக்குச் சொன்ன விலை அதில் பாதிக்கும் கீழே. ஐந்து நாணயத்துக்கும் ஆன செலவை அந்த ஒரு விற்பனை ஈடுகட்டவில்லை. 64-ஐயும் 58-ஐயும் குடும்பத்திலேயே வைத்துக்கொள்வதென்று முடிவானது. பணக் கணக்கில் இது லாபமான காரியம் இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய நாணயத்துக்கு லட்சம் கிடைக்கும் என்று கைபேசியில் சுற்றும் படங்களை நம்பிச் சான்றுக்கு அனுப்புகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

நூறு வருடம் தாண்டிய பத்தும் தனித்தனி மைலார் உறையில், ஆண்டும் எடையும் எழுதிய சீட்டோடு ஆசிரியையிடமே இருக்கின்றன. பன்றி ரூபாயின் சீட்டில் அது சோடாவில் கழுவப்பட்டது என்றும் எழுதி வைக்கச் சொன்னேன். மருமகன் தம் கையாலேயே தேதி போட்டு எழுதினார்.

மறுபடி நடந்தால் எதை மாற்றுவேன்

தொலைபேசியில் வணக்கம் சொன்ன கையோடு, "துடைக்காதீங்க" என்பேன். வருடம் என்ன, மன்னர் யார் என்பதெல்லாம் அப்புறம். இந்த நிகழ்வுக்குப் பிறகு என்னிடம் கேட்ட ஆறேழு பேரிடமும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் இரண்டு பேர் ஏற்கெனவே புளி கரைத்து வைத்திருந்தார்கள்.

அனுப்பும் பட்டியலை இன்னும் சுருக்குவேன். கருத்த நாணயமும் பளிச்சென்ற நாணயமும் மட்டும் போயிருந்தால் செலவு பாதிக்கும் கீழே நின்றிருக்கும். 58-ஐ நானே கண்ணால் சொல்லிவிட்டேன். அதற்குச் சான்று தேவைப்படவில்லை. சோடா நாணயத்தை அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை. அந்தச் சீட்டு இல்லாவிட்டால் மருமகன் நான் சொன்னதைப் பாதிதான் நம்பியிருப்பார். இன்று அவர் நண்பர்களுக்கு அந்த ஸ்லாப்பைத்தான் முதலில் காட்டுகிறார்.

நாணயம் பார்க்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். முதலில் கன்னம், பிறகு வெற்றிடம், கடைசியில்தான் ஒளி. முன்பெல்லாம் ஒளியிலிருந்து தொடங்குவேன்.

கலசத்துக்குத் திரும்பிய ரூபாய்

2024 ஆகஸ்டில் வரலட்சுமி நோன்புக்கு நாலு நாள் முன்னால் ஆசிரியை அழைத்தார். "சார், அம்மாவோட ரூபாயை இந்தப் பிளாஸ்டிக்கோட எப்படிக் கலசத்துல போடுறது? வாய்லயே நுழையல. இதைப் பிரிச்சா தப்பா?"

தப்பில்லை என்றேன். எண் இல்லாத ஸ்லாப் அந்த நாணயத்துக்கு எதையும் கூட்டித் தரவில்லை. வீட்டுக்குப் போய், ஸ்லாப்பைத் துணியில் சுற்றி, ஓரத்தைக் கட்டிங் பிளேயரால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினேன். மூன்றாவது நறுக்கில் கூடு பிளந்தது. சான்றுச் சீட்டை மட்டும் அவர் எடுத்துப் பத்திரப்படுத்தினார்.

நாணயம் தாம்பாளத்தில் மற்ற எட்டோடு போய்ச் சேர்ந்தது. பக்கத்தில் விபூதிக் கிண்ணம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். "துலக்கலாமா?"

"இவற்றைத் துலக்குங்க" என்றேன். "பையில் இருக்கிறதை மட்டும் தொடாதீங்க."